ஒரேயொரு ஆட்டம்: பந்தெறிவாளர் பெர்ட் ஷெப்பர்டு

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் பேஸ்பாலில் மேஜர் லீக் என்னும் உச்சநிலைக்குக் கீழே மைனர் லீக் எனப் பல அடுக்குகள் உண்டு. சிற்றூர்களில் சொற்பச் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டு, மேலிருந்து அழைப்பு வராதா என்று காத்திருக்கும் இளைஞர்களின் உலகம் அது. 1920-இல் இண்டியானா மாநிலத்தின் டானா என்னும் ஊரில் பிறந்த இடக்கைப் பந்தெறிவாளர் பெர்ட் ஷெப்பர்டு, அவ்வுலகிலிருந்து இரண்டாம் உலகப் போருக்குச் சென்றவர்.

பி-38 போர் விமானியான அவர், 1944 மே 21 அன்று ஜெர்மனியில் ஹாம்பர்க்குக்குக் கிழக்கே தாழப் பறந்தபோது, தரையிலிருந்து சுட்ட குண்டுகள் அவருடைய வலக்காலைச் சிதைத்தன. விமானமும் விழுந்து நொறுங்கியது. ஆத்திரத்தோடு சூழ்ந்த உள்ளூர் மக்களிடமிருந்து அவரை மீட்டு மருத்துவமனையில் சேர்த்தவர், எதிரிப் படையின் மருத்துவர் லாடிஸ்லாஸ் லாய்டல் என்பதை இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். முழங்காலுக்குக் கீழே கால் துண்டிக்கப்பட்டது. சிறை முகாமில் டான் எர்ரி என்ற கனடா நாட்டுக் கைதி செய்துகொடுத்த செயற்கைக் காலைப் பூட்டிக்கொண்டு, ஷெப்பர்டு அங்கேயே மீண்டும் பந்தெறிந்து பழகினார்.

இடக்கையால் எறிபவர் இடக்காலால் உந்தி, வலக்காலை முன்னே ஊன்றி, உடலின் எடை முழுவதையும் அதன்மேல் இறக்குகிறார். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளரின் முன்காலுக்கு நேர்வதே இங்கும் நேர்கிறது. ஷெப்பர்டு இழந்தது அந்த ஊன்றுகாலை. ஒவ்வொரு எறிவிலும் வெட்டுண்ட காலின் முனை அந்த எடையைத் தாங்க வேண்டியிருந்தது. எறிந்த மறுகணமே, தன்னை நோக்கி மெல்ல உருண்டுவரும் பந்தை ஓடி எடுக்கவும் வேண்டும்.

கைதிப் பரிமாற்றத்தில் 1945-இன் தொடக்கத்தில் நாடு திரும்பியவரைப் போர்த்துறைத் துணைச் செயலர் ராபர்ட் பேட்டர்சன் சந்தித்தார். அவருடைய பரிந்துரையால் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணியின் உரிமையாளர் கிளார்க் கிரிஃபித் வாய்ப்பளித்தார். பயிற்சியாளராகவும், பயிற்சியில் பந்தெறிபவராகவும் அவர் அணியில் சேர்ந்தார். காயமுற்ற வீரர்களுக்கு ஊக்கமூட்டுவதே அந்த நியமனத்தின் முதல் நோக்கமாக இருந்திருக்கலாம். ஆனால், ஆகஸ்ட் 4 அன்று பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் ஒரே இன்னிங்ஸில் 12 ரன்களைக் குவித்துக்கொண்டிருந்தபோது, ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய மூன்று பேஸ்களிலும் (நிலைகளிலும்) எதிரணியினர் நின்ற நிலையில் களமிறங்கிய ஷெப்பர்டு, தாம் சந்தித்த முதல் ஆட்டக்காரரையே ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார்; அதாவது, பந்தைச் சரியாக அடிக்க விடாமல் மூன்று ஸ்ட்ரைக்குகளில் ஆட்டமிழக்கச் செய்தார். ஆட்டம் முடியும்வரை 5 இன்னிங்ஸுக்குச் சற்று மேலாக எறிந்து, 3 ஹிட்டுகளையும் (பேஸை அடைய உதவிய அடிகளையும்) ஒரேயொரு ரன்னையும் மட்டுமே விட்டுக்கொடுத்தார். எதிரணியினர் எவரும் இரக்கப்பட்டு மட்டையைத் தாழ்த்தவில்லை.

அதன்பின் மேஜர் லீக்கில் அவருக்கு இன்னொரு ஆட்டம் கிடைக்கவே இல்லை. அந்த ஆண்டு முதலிடத்துக்குப் போராடி, ஒன்றரை ஆட்ட இடைவெளியில் அதை இழந்த அணி, துணிந்து பார்க்கத் தயங்கியதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனாலும், இவ்வளவு நன்றாக எறிந்தவரை மறுமுறை அழைக்காததை ஏற்க மனம் ஒப்பவில்லை. போர் முடிந்து முன்னணி ஆட்டக்காரர்கள் திரும்பியதும் இருந்த சிறு இடமும் அடைபட்டது. காலில் மீண்டும் செய்ய நேர்ந்த அறுவை சிகிச்சை, ஒரு பந்தெறிவாளரின் விலைமதிப்பற்ற ஆண்டுகளைத் தின்றது. 1946-இல் சட்டனூகாவிலும், 1949-இல் வாட்டர்பரியில் ஆட்டக்காரர், மேலாளர் என இரு பொறுப்புகளோடும், புறப்பட்ட அதே மைனர் லீக்கில் ஆடினார். பிற்காலத்தில் உறுப்பிழந்தோருக்கான தேசிய கோல்ஃப் போட்டியில் பட்டமும் வென்ற அவர், 2008-இல் தம் 87-ஆம் வயதில் காலமானார்.