கலெக்டர் கனவுக்கு எந்தப் பட்டம்?

நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் நம் குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி, "மக்கா, அடுத்து என்னத்துக்குச் சேரப்போற?" என்பதுதான். கலெக்டர் ஆகணும் என்று பிள்ளை சொல்லிவிட்டால், அதற்கு எந்தக் கோர்ஸ் படிக்க வேண்டும் என்று பெற்றோர் அலைய ஆரம்பிக்கிறார்கள். அந்த அலைச்சலைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றுதான் இந்த உரை.

கலெக்டர் பதவிக்கான ஐஏஎஸ் பணிக்கு, மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான யுபிஎஸ்சி நடத்தும் குடிமைப் பணித் தேர்வை எழுத வேண்டும். முதனிலை, முதன்மை, நேர்முகம் என்று அது மூன்று கட்டமாக நடக்கும். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு பட்டம் போதும். இத்தனை சதவீதம் வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அஞ்சல் வழிப் பட்டமும் அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் செல்லும். குரூப் 1, 2, 4 என்று மாநில அரசு வேலைகளுக்குத் தேர்வு நடத்தும் டிஎன்பிஎஸ்சிக்கு மட்டும் ஒரு கூடுதல் கவனம் வேண்டும்: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலையில் நேராகப் பட்டம் வாங்கியவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

எந்தப் பட்டமும் போதும் என்றால் கல்லூரியில் எதையாவது எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. காரணம், நாமே தேர்ந்தெடுத்து எழுதும் விருப்பப் பாடம். முதன்மைத் தேர்வில் தரவரிசைக்குக் கணக்கிடும் மதிப்பெண் 1750. கட்டுரைக்கு 250, பொதுப் பாடத் தாள்கள் நான்குக்கு 1000, விருப்பப் பாடத்தின் இரண்டு தாள்களுக்கு 500. அந்த 500 மதிப்பெண்ணுக்கான பாடத்தை யுபிஎஸ்சி வெளியிட்டிருக்கும் பட்டியலிலிருந்துதான் எடுக்க முடியும். கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும்போதே அந்தப் பட்டியல் கையில் இருக்கட்டும்.

நம் மாவட்டக் கல்லூரிகளில் வழக்கமாக உள்ள இயற்பியல், வேதியியல், கணிதம், தாவரவியல், விலங்கியல், வரலாறு, பொருளியல், வணிகவியல், தமிழ் இலக்கியம், ஆங்கில இலக்கியம் எல்லாம் அதில் உண்டு. பொறியியலில் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் உண்டு. கம்ப்யூட்டர் சயன்ஸ் இல்லை. பிசிஏ, மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, விஷுவல் கம்யூனிகேஷன், சமூகப்பணி இவையும் இல்லை. இந்தப் படிப்புகளில் சேர்ந்தவர் ஐஏஎஸ் ஆக முடியாது என்பதல்ல. சமூகவியலோ மானிடவியலோ புவியியலோ ஏதோ ஒன்றை அவர் அடியிலிருந்து படிக்க வேண்டும். அதற்கு நன்றாக உழைத்தாலும் ஓராண்டு போகும். வரலாறு படித்தவர் அந்த ஓராண்டில் விடை எழுதிப் பழகிக்கொண்டிருப்பார்.

வனப்பணி மேல் ஆசை இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காடும் மலையும் நிறைந்த மாவட்டம் என்பதால் இங்கே அந்த ஆசை நிறையப் பேருக்கு உண்டு. இந்திய வனப்பணிக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் மட்டும் போதாது. தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல் இவற்றில் ஒன்றாவது பட்டத்தில் இருக்க வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். பி.காம். சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

ஆனால் பட்டியலில் இருக்கிறது என்பதற்காகப் பிடிக்காத பாடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். பிடிக்காத பாடத்தில்தான் அரியர் விழும். இறுதியாண்டு மாணவர் முதனிலைத் தேர்வு எழுதலாம். முதன்மைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கட்டத்தில் பட்டம் முடித்த சான்று காட்ட வேண்டும். ஒரே ஒரு அரியர் அந்த ஆண்டையே தின்றுவிடும். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் இடங்களுக்குப் பல லட்சம் பேர் விண்ணப்பிக்கிறார்கள். தேர்வு கைகூடாவிட்டாலும் சோறு போடும் பட்டமாக அது இருக்க வேண்டும். அதனால், பி.எட். சேர வழிவிடும் கணிதத்தையும், எங்கும் வேலை தேடித் தரும் வணிகவியலையும் நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

பயிற்று மொழிக்கு வருகிறேன். டிஎன்பிஎஸ்சியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பு முதல் பட்டம் வரை முழுவதும் தமிழ் வழியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்த பிள்ளை ஆங்கில வழிப் பட்டத்தில் சேரும்போது அந்த உரிமை போய்விடுகிறது. குரூப் 1 தான் குறி என்றால், தமிழ் வழி வரலாறோ பொருளியலோ நல்ல தேர்வு. யுபிஎஸ்சியிலும் முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், நேர்முகத் தேர்வுக்கும் தமிழில் பதில் சொல்லலாம். ஆனால் முதனிலை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். ஆகவே தமிழ் வழி மாணவர் முதல் நாளிலிருந்தே ஓர் ஆங்கில நாளிதழைத் தினம் ஒரு மணி நேரம் வாசித்துப் பழக வேண்டும்.

வயதுக் கணக்கும் முக்கியம். யுபிஎஸ்சிக்குத் தேர்வு நடக்கும் ஆண்டின் ஆகஸ்ட் 1 அன்று 21 நிறைந்திருக்க வேண்டும். நம் பிள்ளைகள் பலர் இருபதிலேயே பட்டம் முடித்துவிடுகிறார்கள். இடையில் வரும் காலத்தை வீணாக்காமல் குரூப் 4, குரூப் 2 எழுதலாம். பெரும்பாலான பதவிகளுக்கு அங்கே 18 வயது போதும். யுபிஎஸ்சியைச் 'சும்மா பழக்கத்துக்கு' எழுதிப் பார்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். முதனிலையில் ஒரு தாள் எழுதினாலே ஒரு வாய்ப்பு கழிந்தது என்று கணக்கு. பொதுப் பிரிவினருக்கு ஆறு, ஓபிசிக்கு ஒன்பது வாய்ப்புகள்தான். விண்ணப்பித்துவிட்டுப் போகாமல் இருந்தால் கழியாது.

கல்லூரியின் முதல் ஆண்டில் ஆறு முதல் பன்னிரண்டு வரையுள்ள பள்ளிப் பாடநூல்களைப் படித்து முடியுங்கள். இரண்டாம் ஆண்டில் விருப்பப் பாடத்தின் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கல்லூரிப் பாடத்தைப் படியுங்கள். மூன்றாம் ஆண்டுக்கு இரண்டு வேலைகள் உண்டு. அவற்றைத்தான் பலர் தள்ளிப் போடுகிறார்கள்.

ஒன்று, முதனிலைத் தேர்வின் இரண்டாம் தாளான சிசாட் என்னும் திறனறித் தாள். 80 கேள்வி, 200 மதிப்பெண், 66 எடுத்தால் போதும் என்பதால் அலட்சியம் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சரியான விடைக்கு 2.5, தவறுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 30 சரி, 15 தவறு என்றால் 75-இல் 12.5 போய் 62.5. அதாவது தோல்வி. முதல் தாளில் எவ்வளவு எடுத்திருந்தாலும் பயனில்லை. பத்தாம் வகுப்போடு கணக்கை விட்ட கலைப்பிரிவு மாணவர்கள்தான் இங்கே அதிகம் சறுக்குகிறார்கள். விகிதம், சதவீதம், எண்கள், வேலையும் நேரமும் இவற்றில் தினம் இருபது கணக்கு என்று ஆறு மாதம் போட்டால் பயம் தீரும். டிஎன்பிஎஸ்சியில் தவறுக்கு மதிப்பெண் குறையாது என்பதால், அங்கே குருட்டாம்போக்கில் விடையளித்துப் பழகியவர்கள் அதே கையோடு இங்கே வந்து அடிபடுகிறார்கள்.

இரண்டாவது, விடை எழுதும் பழக்கம். முதன்மைத் தேர்வின் பொதுப் பாடத் தாளில் மூன்று மணி நேரத்தில் இருபது கேள்வி. பத்து மதிப்பெண் கேள்விக்கு ஏழு நிமிடமும் 150 சொல்லும், பதினைந்து மதிப்பெண்ணுக்குப் பதினொரு நிமிடமும் 250 சொல்லும்தான் கணக்கு. 'கடலோரப் பேரிடர்களில் எச்சரிக்கை முறையின் குறைகள்' என்று ஒரு கேள்வி வருகிறது என்று வையுங்கள். பேரிடர் என்றால் என்ன என்று இலக்கணம் எழுதியே பலர் மூன்று நிமிடத்தைக் கழித்துவிடுவார்கள். நம் மாவட்டத்துப் பிள்ளை நேராக 2017 ஒக்கிப் புயலில் தொடங்கலாம். புயல் வந்தபோது ஆழ்கடல் படகுகள் ஏற்கெனவே பல நாள் தங்கலுக்குப் போயிருந்தன. படகில் இருந்த வயர்லெஸ்ஸுக்கு எட்டும் தூரம் குறைவு. செய்தி கரையோடு நின்றது. இந்த மூன்று காரணம், ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்வு, செயற்கைக்கோள் வழித் தொடர்புக் கருவி பற்றி இரண்டு வரி. விடை முடிந்தது. தூத்தூர், சின்னத்துறைக் கடற்கரையில் கேட்டறிந்ததை இப்படிச் சுருக்கி எழுதத் தெரிந்தால் அதுவே பெரிய பலம். நேர்முகத் தேர்விலும் சொந்த மாவட்டம் பற்றிக் கேட்பது வழக்கம். பேச்சிப்பாறை அணை, மணவாளக்குறிச்சி மணல் ஆலை, ரப்பர் விலை, தமிழ்நாட்டில் இருந்தும் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கும் பத்மநாபபுரம் அரண்மனை இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வையுங்கள்.

பணமில்லாததால் பின்வாங்க வேண்டாம். நான் முதல்வன் திட்டத்தில் தமிழக அரசு ஒரு தேர்வு நடத்தி 1000 பேரைத் தேர்ந்தெடுத்து, முதனிலைத் தயாரிப்புக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிறது. சென்னையில் அரசின் பயிற்சி மையம் இருக்கிறது. குரூப் தேர்வுகளுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு உண்டு.

சான்றிதழ்களை மூன்றாம் ஆண்டிலேயே சரிபாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஆதாரில் அப்படியே இருக்க வேண்டும். மாநில அரசின் பிசி, எம்பிசி சான்றிதழ் யுபிஎஸ்சிக்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கும் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடைசி நாளுக்குப் பிறகு வாங்கிய சான்றிதழால் இடத்தை இழந்தவர்கள் உண்டு.

யுபிஎஸ்சி முதனிலைத் தேர்வு மையமாக நமக்கு அருகில் உள்ளது திருவனந்தபுரம்தான். மையங்களை முதலில் வருபவருக்கு முதலில் என்ற முறையில் ஒதுக்குவதால், அறிவிப்பு வந்த முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். இடம் நிரம்பிவிட்டால் மதுரைக்குத்தான் போக வேண்டும். முதல் தாள் காலை ஒன்பதரைக்கு. அரை மணி நேரம் முன்பே கதவை அடைத்துவிடுவார்கள். மார்த்தாண்டம் வழியாக அன்று காலை பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைக்காமல், முந்தின நாளே போய்த் தங்கி, பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு மை பால்பாயின்ட் பேனா இரண்டு கையில் இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.