டீப்பாய் வாங்கும் முன் சோபாவில் உட்காருங்கள்

(திரையில்: ஒரு சோபா, அதன் முன்னால் மர டீப்பாய். சாய்ந்து உட்கார்ந்திருப்பவரின் கை, கப்பைக் கொண்டுபோய் டீப்பாய்மேல் வைக்கிறது.)

இந்தக் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். சோபாவில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் கப்பை வைக்கிறார் என்றால் கை கீழே இறங்க வேண்டும், இல்லையா? இங்கே மேலே ஏறுகிறது, ஏதோ அலமாரித் தட்டில் எடுத்து வைக்கிற மாதிரி. இது நான் ஆசைப்பட்டு வாங்கிய முதல் டீப்பாய். மரம் நல்ல மரம், வேலைப்பாட்டிலும் ஒரு குறை சொல்ல முடியாது, கடையில் பார்த்தபோது இதைவிட அழகாக ஒன்று கிடைக்காது என்றே தோன்றியது; வீட்டுக்குக் கொண்டுவந்து சோபா முன்னால் போட்டபிறகுதான் இரண்டுக்கும் ஒத்தே போகவில்லை என்று புரிந்தது. நான் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். டீப்பாயை நின்றுகொண்டு பார்த்து வாங்கிவிட்டேன். அதை நாம் பயன்படுத்துவதெல்லாம் உட்கார்ந்துகொண்டுதானே!

போகிற போக்கில் ஒரு விஷயம். பெயரில் டீ இருப்பதால் டீ வைக்கிற மேசை என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆனால் அது மூன்று கால் உள்ளது என்று பொருள்படும் ‘திபாயி’ என்ற இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கே டீயோடு ஒட்டிக்கொண்டு நம்மிடம் வந்திருக்கிறது. சரி, டேப்பை எடுங்கள்.

(திரையில்: காலி சோபா, பக்கத்தில் டேப், 45 செ.மீ. பிறகு ஒருவர் உட்காருகிறார், 39 செ.மீ.)

சோபா இருக்கை பெரும்பாலும் தரையிலிருந்து 40 முதல் 48 செ.மீ. உயரத்துக்குள் இருக்கும். டீப்பாய் அதே உயரத்தில் அல்லது 2 முதல் 5 செ.மீ. தாழ்வாக இருக்கட்டும் என்பது எல்லோரும் சொல்கிற கணக்கு. கணக்கில் தப்பில்லை, எதை அளப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறோம். காலியாகக் கிடக்கிற குஷனை அளந்து 45 என்று எழுதிக்கொண்டு கடைக்குப் போவோம். என் சோபாவும் காலியாக இருக்கும்போது 45தான். ஆனால் ஆள் உட்கார்ந்ததும் பஞ்சு அமுங்கி 39க்கு வந்துவிடுகிறது, அதுவும் நான் வழக்கமாக உட்காருகிற ஓரத்தில் இன்னும் ஒரு சென்டிமீட்டர் கூடவே அமுங்கும். நான் வாங்கிய டீப்பாய் 47. எட்டு சென்டிமீட்டர் வித்தியாசம் கேட்பதற்குச் சின்னதாக இருக்கிறது, கையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால் நீங்கள் எப்போதும் உட்காருகிற இடத்தில், எப்போதும் உட்காருகிற மாதிரி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, வீட்டில் இன்னொருவரை விட்டுத் தரையிலிருந்து தொடையின் அடிப்பக்கம் வரை அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணைத்தான் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

டீப்பாய்மேல் லேப்டாப் வைத்து வேலை பார்க்கிறவர்கள், தட்டை வைத்துச் சாப்பிடுகிறவர்கள் இந்த உயரத்தில் கூன் போட்டுத்தான் உட்கார வேண்டியிருக்கும். அவர்களுக்கு மேல்பலகை எழும்பி முன்னால் வருகிற மாடல் சரிப்படும். பலகை உங்களை நோக்கி நீளும் என்பதால் தூக்கிய நிலையில் அதன் நுனியில் கையை ஊன்றிப் பாருங்கள். பின்பக்கக் கால் தரையை விட்டு எழுந்தால் அதை வாங்க வேண்டாம். தரையில் குஷன் போட்டு உட்காருகிறவர்களுக்கு 30, 35 செ.மீ. போதும்.

அடுத்தது இடைவெளி. இதற்கு டேப் கூட வேண்டாம், கை இருந்தால் போதும். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம், கிட்டத்தட்ட 45 செ.மீ. சோபாவின் முன் விளிம்புக்கும் டீப்பாய்க்கும் நடுவில் ஒரு முழம், அல்லது நாலு விரல் குறைவாக இருந்தால் சரியாக இருக்கும். அதைவிட நெருங்கினால் எழுந்திருக்கும்போதெல்லாம் கணைக்கால் எலும்பு போய் இடிக்கும், தள்ளிப் போனால் ஒவ்வொரு முறை கப்பை எடுக்கவும் இருக்கையின் நுனிக்கு வர வேண்டும். டீப்பாய்க்கு அந்தப் பக்கம், டிவி ஸ்டாண்டோ சுவரோ இருக்கிற பக்கம், ஆள் நடக்கிற வழி என்றால் 75 முதல் 90 செ.மீ. விடுங்கள். டிவி ஸ்டாண்டில் இழுப்பறை இருந்தால் அதை முழுக்க இழுத்து வைத்துவிட்டு அளங்கள். இதை மறந்துவிட்டு, பிறகு பாதி மட்டும் திறக்கிற இழுப்பறையோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் நிறைய.

நீளத்துக்கு விரலுக்கேத்த வீக்கம்தான். சோபா நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை போகலாம், பாதிக்குக் கீழே போனால் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கை எட்டாது. 210 செ.மீ. சோபா என்றால் 105க்கும் 140க்கும் நடுவில் எதுவானாலும் பொருந்தும். கடையில் இதைக் கண்ணால் மட்டும் கணிக்க முடியாது. அந்தக் கூடம் பெரிது, கூரை உயரம், அங்கே எல்லா டீப்பாயும் சின்னதாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்ததும்தான் தன் உண்மையான சைஸைக் காட்டும்.

(திரையில்: மேலிருந்து பார்க்கிற மாதிரி அறையின் படம். முதலில் எல் வடிவ சோபா.)

வடிவத்தைப் பலரும் அழகை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். யார் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள் என்பேன். ஒரே ஒரு நீள சோபா என்றால் நீள்சதுரம், பேச்சே இல்லை. எல் வடிவ சோபாவில் நீள்சதுரத்தைப் போட்டால் என்ன ஆகிறது பாருங்கள்: எல்லின் ஒரு பக்கத்தோடு ஒட்டி நிற்கும், இன்னொரு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு டீப்பாய் பக்கத்து ஊரில் இருக்கும். இங்கே வட்டமோ சதுரமோதான் இரண்டு பக்கமும் ஒரே தூரம் கொடுக்கும். எனக்கு வட்டம்தான் பிடிக்கும், ஏனென்றால் எல் வடிவத்தின் உள்மூலையில் உட்கார்ந்திருப்பவர் வெளியே வர வேண்டுமே, சதுரத்தின் முனை சரியாக அவர் முழங்காலுக்கு நேராக நிற்கும். நடக்கப் பழகுகிற குழந்தை இருக்கிற வீட்டுக்கும் வட்டமே நல்லது.

இரண்டு சோபா எதிரெதிரே இருந்தால் நடுவில் இருக்கிற மொத்த இடத்தை அளந்து, இரண்டு பக்கமும் 40, 40 கழித்துவிடுங்கள். 140 செ.மீ. இருந்தால் மிஞ்சுவது 60, அதுதான் டீப்பாயின் அகலம். பெரிதாக வேண்டும் என்றால் சோபாவைத் தள்ளுங்கள், கால் வைக்கிற இடத்தில் கை வைக்காதீர்கள்.

சோபாவோடு இரண்டு தனி நாற்காலிகளும் இருக்கிற அறை இன்னொரு தலைவலி. நாற்காலி பெரும்பாலும் வேறு உயரம், சற்று விலகியும் இருக்கும். எல்லோருக்கும் எட்டுகிற மாதிரி ஒரு பெரிய டீப்பாயைத் தேடி அலைவதைவிட, சோபாவுக்கு அளவான ஒன்றை வாங்கிவிட்டு நாற்காலி பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூலைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ரிக்ளைனர் இருந்தால் கால் தாங்கியை முழுவதும் விரித்துவிட்டு அளக்க வேண்டும். அதன் முன்னால் டீப்பாயை நிறுத்துவதைவிடப் பக்கவாட்டில் ஒரு குட்டி மேசை எவ்வளவோ மேல். படுக்கையாக விரிகிற சோபா என்றால் ஒரே ஆள் நகர்த்துகிற கனத்தில், பூட்டுகிற சக்கரம் வைத்தது கிடைத்தால் இன்னும் நல்லது, வாங்குங்கள். தினமும் ராத்திரி இரண்டு பேர் சேர்ந்து தூக்குவது ஒரு வாரத்துக்குத்தான் நடக்கும்.

பொருளைப் பற்றி ரொம்பப் பேசப் போவதில்லை. கண்ணாடி, அறையை அடைக்காத மாதிரி காட்டும், ஆனால் விரல் ரேகையெல்லாம் தெரியும், இருட்டில் அது இருப்பதே மறந்துபோகும். வாங்கினால் டஃபன்ட் கண்ணாடியாக, அதாவது சூடாக்கிப் பதப்படுத்தி உறுதியாக்கிய கண்ணாடியாக வாங்குங்கள், உடைந்தாலும் கத்தி மாதிரி சில்லாகாமல் சின்னச் சின்னத் துண்டுகளாக உதிரும். மார்பிளில் எலுமிச்சைச் சாறு சிந்தினால் அந்த இடம் மங்கிவிடும், அது கறை இல்லை, அமிலம் கல்லையே அரித்த தடம், துடைத்தால் போகாது. மரத்தில் கப் வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழுந்தால் ஈரம் பாலிஷில் மட்டும் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம், சரி செய்துவிடலாம். கறுத்துவிட்டால் மரத்துக்குள்ளேயே போய்விட்டது. எதுவாக இருந்தாலும் கடையிலேயே ஓரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். டீப்பாய்மேல் உட்காராதே என்று எவ்வளவு சொன்னாலும் யாராவது ஒருவர் உட்காரத்தான் போகிறார்.

(திரையில்: இரண்டு அட்டைப்பெட்டிகள், டேப் போட்டு ஒட்டியது, சோபா முன்னால்.)

வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். தரையில் செய்தித்தாளை விரித்து அளவு பார்க்கலாம் என்பார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை, தாளை மிதித்துக்கொண்டு போய்விடுவோம், அது நம்மை இடிக்காது. அட்டைப்பெட்டிகளை நீங்கள் நினைத்திருக்கிற நீளம், அகலம், உயரத்துக்கு வெட்டி ஒட்டி, இரண்டு நாள் அங்கேயே விட்டுவிடுங்கள். என் வீட்டில் முதல் நாள் சாயங்காலமே பெட்டியின் ஒரு மூலை நசுங்கிவிட்டது, சமையலறைக்குப் போகிற பக்கத்து மூலை. அதே இடத்தில் மரம் இருந்திருந்தால் நசுங்கியிருப்பது என் கால். இரண்டாவது டீப்பாயை வட்டமாக வாங்கியது அதனால்தான்.

சரி, ஏற்கெனவே உயரமாக வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்வது? நேரான மரக்கால் என்றால் வெட்டலாம். நான் ஒவ்வொரு காலிலும் டேப் பிடித்துக் கோடு போட்டு வெட்டினேன், ஆடியது, ஆடாத காலை இன்னும் கொஞ்சம் வெட்டினேன், இப்போது வேறு கால் ஆடியது. அப்படிச் செய்யாதீர்கள். டீப்பாயைச் சமதளத்தில் நிறுத்தி, எவ்வளவு குறைக்க வேண்டுமோ கிட்டத்தட்ட அதே கனமுள்ள ஒரு மரக்கட்டையைத் தரையில் வைத்து, அதன்மேல் பென்சிலைப் படுக்க வைத்து, கட்டையோடு சேர்த்து நகர்த்தியபடியே நாலு காலையும் சுற்றிக் கோடு போடுங்கள். எல்லாக் கோடும் தரைக்கு இணையாக விழும். அதன்மேல் ரம்பத்தை ஓட்டினால் போதும்.

(திரையில்: முதல் டீப்பாய், இப்போது 40 செ.மீ. கப்பை வைக்கிற கை கீழே இறங்குகிறது.)

இடது பக்கக் காலுக்கு அடியில் மடித்து வைத்த அட்டை தெரிகிறதா? அது கேமரா வருகிறதே என்று வைத்ததில்லை, ரொம்ப நாளாக அங்கேதான் இருக்கிறது.