துணி மறைத்த முகம்

நேயர்களுக்கு வணக்கம். ஓவியத்தில் துயரம் பற்றிப் பேசச் சொன்னார்கள். வானொலியில் படம் காட்ட முடியாதே என்று யோசித்தேன். அப்புறம், நான் சொல்லவந்த முதல் ஓவியமே இன்று உலகில் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் அதை வரைந்தவர் திமாந்தஸ் என்ற கிரேக்கர். கிரேக்கப் புராணத்தில் வரும் ட்ராய் போருக்குக் கிளம்பிய கப்பல்களுக்குக் காற்று வேண்டி, படைத்தலைவன் அகமெம்னோன் தன் மகள் இபிஜீனியாவைப் பலிகொடுக்கும் காட்சி. பூசாரி முகத்தில் வருத்தம், கூட வந்த வீரன் ஒடிசியஸ் முகத்தில் அதைவிட வருத்தம், சித்தப்பன் மெனலாஸ் முகத்தில் புலம்பல். பெற்றவனுக்கு என்ன மிச்சம்? தலையோடு முகத்தையும் துணியால் மூடிவிட்டார் ஓவியர். பழைய ரோமானிய எழுத்தாளர்கள் சிசரோவும் பிளினியும் எழுதிவைத்ததால் இது நமக்குத் தெரிகிறது. எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரம் பாம்பேயியின் சுவரோவியம் ஒன்றிலும் அகமெம்னோன் அப்படித்தான் முகம் மூடி நிற்கிறான்.

அந்தத் துயரத்தை எந்த முகத்திலும் காட்ட முடியாது, அதனால்தான் மூடினார் என்பார்கள். எனக்கு அதில் வெட்கமும் தெரிகிறது. பலிக்குச் சம்மதித்தவனே அவன்தானே!

இனி பாரிஸ், லூவர் அருங்காட்சியகம். பிரெஞ்சு ஓவியர் ஜாக் லூயி டேவிட் 1789இல் முடித்த ஓவியம், நாலு மீட்டருக்கும் மேல் அகலம். ரோமில் முடியாட்சியை ஒழித்த புரூட்டஸ், மன்னனை மீண்டும் கொண்டுவரச் சதி செய்த தன் இரு மகன்களுக்கும் மரண தண்டனை கொடுத்தான். உடல்கள் வீட்டுக்கு வருகின்றன. பிரெஞ்சுப் புரட்சி வெடித்த ஆண்டில், மன்னருக்காக வரைந்த படம் இது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெளிச்சமெல்லாம் பெண்கள் பக்கம். தாய் கை நீட்டிக் கதறுகிறாள், ஒரு மகள் மயங்கிச் சாய்கிறாள். நடுவே ஆளில்லாத நாற்காலி. மேசைமேல் தையல் கூடை, துணியும் நூலும் அப்படியே கிடக்கின்றன. சற்றுமுன் வரை அது சாதாரண வீடு. புரூட்டஸ் இடப்பக்க இருட்டில், பிணங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். முகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. கால்களைப் பாருங்கள், ஒன்றோடொன்று பின்னி இறுகியிருக்கின்றன.

வலது ஓரத்தில் வேலைக்காரி ஒருத்தி துணியால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாள். திமாந்தஸ் தகப்பனுக்குக் கொடுத்த துணியை டேவிட் அவளுக்குக் கொடுத்துவிட்டார். இந்தத் தகப்பனுக்கு நிழல் மட்டும்தான்.