மாக்கட்டியும் மூக்குக்கண்ணாடியும்

(கொழும்பு வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம். மூக்குக்கண்ணாடி போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றி, விளக்குக்கு நேரே கொஞ்சம் சரித்துப் பாருங்கள். மெல்லிய கீறல்கள் தெரிகிறதா? சாரித் தலைப்பாலும் சேர்ட் நுனியாலும் துடைத்த அடையாளம் அது. துணி கீறவில்லை. காலி வீதித் தூசியோடு வந்த குவார்ட்ஸ் மணல்தான் கீறியது. கனியங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோவின் அளவில் அதற்கு 7. வில்லையோ பெரும்பாலும் பிளாஸ்டிக். பொலிகாபனேற்று என்ற பிளாஸ்டிக்கில் செய்த வில்லை கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது, ஆனால் சட்டென்று கீறுப்படும். அதைக் காப்பது மேலே பூசிய, சில மைக்ரோமீற்றர் (மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒன்று) தடிப்பே உள்ள ஒரு படை. அந்தப் படையைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

பல்பகுதியம், அதாவது பிளாஸ்டிக், இறப்பர் போன்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுப் பொருள், வளையும், ஒட்டும், ஆனால் மென்மையானது. சிலிக்கா (மணலின் பொருள்), அலுமினா (அலுமினிய ஒட்சைட்டு) போன்ற அசேதனப் பொருள்கள் கடினமானவை, ஆனால் நொறுங்கும். அந்தப் படையில் இரண்டையும் சேர்க்கிறார்கள். இந்த யோசனை புதிதல்ல. ரயர் கறுப்பாக இருப்பதே இறப்பரோடு காபன் கரியைக் கலப்பதால்தான். அதுதான் ரயரைத் தேயாமல் காக்கிறது. ஆனால் வில்லையைக் கறுப்பாக்க முடியாதே! அதனால்தான் துணிக்கையைச் சிறிதாக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர் (மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒன்று). சிலிக்கா மணி 20 நனோமீற்றர் என்றால் ஒளி அதில் பட்டுச் சிதறுவது மிகக் குறைவு. பூச்சு தெளிவாகவே இருக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. ஒரு மைக்ரோமீற்றர் அளவு மணிகளாக ஒரு கிராம் சிலிக்காவை எடுத்தால், அதன் மொத்த மேற்பரப்பு 3 சதுர மீற்றர்கூட வராது. 10 நனோமீற்றர் மணிகளாக எடுத்தால் அதே ஒரு கிராமுக்கு சுமார் 270 சதுர மீற்றர், மூன்று பட்மின்டன் திடல்களை விடப் பெரிது. அவ்வளவு இடத்திலும் பல்பகுதியம் ஒட்டிப் பிடிக்கலாம்.

பிடிக்கலாம் என்றுதான் சொன்னேன். ஒடியல் கூழ் காய்ச்சியவர்களுக்கு இது புரியும். உலர்ந்த மாவை அப்படியே கொதிநீரில் கொட்டினால் என்ன ஆகும்? கட்டி கட்டியாகத் திரளும். கட்டியைப் பிட்டால் உள்ளே மா நனையாமலே இருக்கும். நனோத் துணிக்கையும் அப்படித்தான். சிலிக்காவின் மேற்பரப்பில் ஐதரொட்சில் கூட்டங்கள் (ஒட்சிசன்-ஐதரசன் சோடிகள்) நிறைந்திருக்கின்றன. மணிக்கு மணி ஐதரசன் பிணைப்பால் ஒட்டிக்கொள்ளும். அந்தத் திரளுக்குள் பல்பகுதியம் புகாது. ஒளி அங்கே சிதறும், பூச்சு மங்கும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தூளானாலும் திரண்டுவிட்டால் அது வெறும் மணல்தான்.

அம்மா மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்து வைப்பார். ஆய்வுகூடத்தில் அந்த வேலையைச் செய்வது சிலேன் என்ற சிலிக்கன் சேர்வை. அதன் ஒரு முனை சிலிக்காவைப் பிடிக்கும், மறுமுனை பல்பகுதியத்தோடு பிணையும். அப்புறம் நகமோ மணலோ கீறும்போது அந்த விசையைக் கடினமான மணி தாங்கிக்கொள்ளும், பிடுங்கிக்கொண்டு வராது.

சிலிக்காவைப் போலத் தைத்தானியம் ஈரொட்சைட்டு மணிகளைச் சேர்த்தால் மட்டும் கவனம் வேண்டும். நம் புல்மோட்டை இல்மனைற்று மணலில் இருக்கும் அதே தைத்தானியம்தான். நனோ அளவில் வெயில் பட்டால் அது சுற்றியுள்ள பல்பகுதியத்தையே அரிக்கும். அதனால் அந்த மணிகளுக்கு முதலில் சிலிக்காவாலோ அலுமினாவாலோ போர்வை போடுகிறார்கள்.

துணிக்கையை இன்னும் கொட்டினால் பூச்சு இன்னும் கடினமாகும்தானே என்று கேட்பீர்கள். ஓரளவுக்கு மேல் போனால் பூச்சு குழம்பாகித் தூரிகைக்கு வராது. காய்ந்த பிறகு வளையவும் மறுக்கும். வெயிலில் விரிந்து சுருங்கும் மரக்கதவில் அது வெடித்துவிடும்.

சரி, மேசையில் இரண்டு பலகைகள் வைத்திருக்கிறேன். ஒரே வார்னிஷ், ஒரே அளவு சிலிக்கா. ஒன்றில் தடியால் கலக்கிப் பூசினேன், மற்றதில் சிலேன் ஏற்றிய சிலிக்கா. பக்கத்தில் மென்மையான 2B முதல் கடினமான 4H வரை பென்சில்கள். எந்தப் பென்சில் பூச்சைக் கீறுகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. கூராக்காமல், முனையை மண்தாளில் தட்டையாகத் தேய்த்திருக்கிறேன். சோதனை முறையில் 750 கிராம் சுமை வைப்பார்கள். இங்கே கையழுத்தம் போதும். 45 பாகையில் சரித்துப் பிடித்து முன்னே தள்ளுங்கள். பிள்ளைகள் முதலில் வாருங்கள்.