ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(கோத்தகிரியில் நாணய ஆர்வலர்கள் கூடியபோது பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, இந்தக் கூடத்தைக் காலையிலேயே திறந்துவிட்டு நாற்காலிகளையும் போட்டு வைத்த பள்ளித் தாளாளர் அவர்களே, பனிமூட்டத்தில் குன்னூர் வளைவுகளைக் கடந்து வந்திருக்கும் மேனாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வேலைக்கு நடுவில் அரை மணி நேரம் ஒதுக்கி வந்த வட்டாட்சியர் அம்மா அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். சூடான தேநீருக்கும் வர்க்கிக்கும் ஏற்பாடு செய்த பேக்கரிக்கார அண்ணனை மறந்தால் அது பாவம். அவருக்கும் வணக்கம்.

சற்று முன் மேசையைச் சுற்றி நின்றோமே, அந்த முகங்களைப் பார்த்தேன். புதிதாக ஒரு காசு கைக்கு வந்தவரின் முகம் பிள்ளை பெற்ற வீட்டுக்காரரின் முகம் மாதிரி இருக்கிறது. குன்னூர்த் தம்பி திப்பு சுல்தானின் யானைக் காசு கொண்டு வந்திருக்கிறார். கனத்த செப்புக்காசு. யானையின் தும்பிக்கைகூடத் தேயவில்லை. திப்பு தன் ஆட்சியின் பிற்பகுதியில் அடித்த காசுகளில் ஆண்டை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகுதான் நாம் நிற்கும் இந்த மலை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அதற்கு முன் மைசூரின் கீழ் இருந்தது. இந்த மலைக்கு ராசாவாக இருந்தவரின் காசு இந்த மலைக்கே திரும்பி வந்திருக்கிறது.

பக்கத்தில் சென்னை மாகாணத்தின் அரை வராகன் வெள்ளிக்காசு. ஒரு பக்கம் கோயில் கோபுரம், சுற்றிலும் நட்சத்திரங்கள். மறுபக்கம் பெருமாள், சுற்றித் தமிழும் தெலுங்கும். கம்பெனிக்காரன் கப்பலில் வந்தவன்தான். ஆனால் இங்கே காசு செல்ல வேண்டும் என்றால் நம் எழுத்து வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஒன்பதாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி தாமரைப் பூ போட்ட இருபது பைசாவைக் காட்டினாள். அவளுடைய ஆயா சாமி மாடத்தில் வைத்திருந்தது. விலை பார்த்தால் பெரிதில்லை. ஆனால் யார் வைத்திருந்தது, எங்கே வைத்திருந்தது என்று அவள் சொன்னாள் பாருங்கள், இன்றைக்கு மேசையில் இருந்ததில் எனக்குப் பிடித்த காசு அதுதான்.

சரி, மூன்று விஷயம் பேசுவதாகத் தலைவரிடம் சொல்லியிருந்தேன். காசைத் துடைக்கலாமா, போலிகளை எப்படிக் கண்டுபிடிப்பது, மண்ணில் கிடைத்த காசுக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று. அதற்கு முன் ஒரு பழமொழி. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. என் அப்பா தோட்டத்துக் கணக்குப்பிள்ளையிடம் உதவிக்கு இருந்தவர். உப்பு வாங்கினாலும் இதைத்தான் சொல்வார்.

முதலில் துடைப்பது. இதற்கு என் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்கிறேன்.

1964-இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் இந்த மலையில் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. டேன்டீ என்கிறோமே, அதுதான். அப்படி வந்த ஒரு பாட்டி எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த வரிசை வீட்டில் குடியிருந்தார். அவர் அதை லயம் என்றுதான் சொல்வார். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, மேட்டுப்பாளையம் வந்து மலை ஏறியவர். கப்பலில் ஒரு குழந்தைக்கு வாந்தி வந்தது, யாரோ ஒருவர் எலுமிச்சம்பழம் கொடுத்தார், அந்த எலுமிச்சம்பழத்தின் தோலை ராமேசுவரம் வரை கையில் வைத்திருந்தேன் என்று அதையே ஒரு மணி நேரம் சொல்வார். நாங்கள் வாய் பிளந்து கேட்போம்.

அவர் இடுப்பில் ஒரு சுருக்குப்பை. வெற்றிலை, பாக்கு, புகையிலைக்கு அடியில் ஒரு சதுரக் காசு. மூலைகள் மழுங்கிய சதுரம். இலங்கையின் ஐந்து சதம், 1944 என்று போட்டது. ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ், மறுபக்கம் மதிப்பு சிங்களத்திலும் தமிழிலும். அவருடைய அப்பா கொழுந்து எடுத்த கூலியில் மகளுக்குக் கொடுத்த காசு. நாற்பது வருடம் புகையிலையோடு கிடந்து கறுத்துப் போயிருந்தது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. காசு சேர்க்கும் பைத்தியம் பிடித்த புதிது. பாட்டி, ஒரு நாள் கொடுங்கள், பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்றேன். கொடுத்தார். புளி போட்டேன், சாம்பல் போட்டேன், தேங்காய் நாரால் தேய்த்தேன். ராத்திரி முழுக்க. காலையில் தங்கம் மாதிரி மஞ்சளாக மின்னியது. ஓடிப்போய்க் கொடுத்தேன். பாட்டி வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மூக்கில் வைத்து முகர்ந்தார். அப்புறம் சொன்னார்: "இது என் காசு இல்லை தம்பி. என்னுது எங்கே?"

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார், ஆனால் அதை மறுபடி வெளியே எடுத்து நான் பார்க்கவில்லை. அவர் காலமான பிறகு பேரப்பிள்ளைகள் இலங்கைக் காசுகளை ஒரு டப்பாவில் கொட்டிக் காட்டினார்கள். சதுரக் காசு ஆறு இருந்தது. எது அவர் அப்பா கொடுத்தது? நான் எடை போட்டு எழுதியிருந்தால், ஓரத்தில் இருந்த ஒரு வடுவையாவது குறித்து வைத்திருந்தால், அதைத் தனியே எடுத்து அந்தப் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கலாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. நான் அளக்காமல் போட்டேன்.

அதனால் தேய்க்காதீர்கள். அந்தக் கறுப்புதான் காசின் தோல். அது போனால் காசின் மதிப்பும் போகும். விளிம்பைப் பிடித்து எடுங்கள், முகத்தில் விரல் படக் கூடாது. நம் ஊர் ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டியில் போடுங்கள். கடையில் விற்கும் மெத்தென்ற பிவிசி உறை வேண்டவே வேண்டாம், செம்பில் பச்சைப் பிசுக்குப் படியும்.

போலிகளைப் பற்றிச் சுருக்கமாக. அனுமன் படமும் ராமர் பட்டாபிஷேகமும் போட்டு 1818 என்று எழுதிய கம்பெனிக் காசு என்று விற்பார்கள். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. இந்தக் காசு காந்தம் மாதிரி அரிசியை இழுக்கும் என்று எவனாவது ஏமாற்ற வந்தால் வட்டாட்சியர் அம்மா இருக்கிறார், சொல்லிவிடுங்கள். 1835-க்குப் பிறகான வெள்ளி ரூபாய் 11.66 கிராம் இருக்க வேண்டும். தேய்ந்தால் சற்றுக் குறையும், ஆனால் எட்டு கிராமுக்கு இறங்காது. பாருங்கள், இங்கேயும் தராசுதான். மற்றதை வேறொரு நாள் பேசலாம்.

சட்டத்தை அம்மா என்னைவிட நன்றாகச் சொல்வார். பத்து ரூபாய்க்கு மேல் பெறும் புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

நான் உண்மையில் கேட்க வந்தது வேறு. இந்த மலையில் கப்பலில் வந்த தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று ஒவ்வொரு வரிசை வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும். அதில் சதக் காசு இருக்கும், ஓட்டைக் காலணா இருக்கும். காசை வாங்க வேண்டாம். விலை பேசவும் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு சின்ன மின் தராசு, ஒரு அளவுகோல் எடுத்துக்கொண்டு போங்கள். எடை, அகலம், ஆண்டு எழுதுங்கள். அதற்குக் கீழே, யார் கொடுத்தது, எந்தத் தோட்டத்தில், என்றைக்கு என்று அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். சதம் என்றால் சதம், லயம் என்றால் லயம். காசை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். விற்கிற காசுக்கு ஏலக் கடையில் பட்டியல் இருக்கிறது. விற்காத காசுக்கு நாம்தான் பட்டியல் போட வேண்டும்.

தாளாளர் ஐயா நூலகத்தில் ஒரு அலமாரி தருவதாகச் சொன்னார். மேடையிலேயே நன்றி சொல்லிவிடுகிறேன். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே கூடத்திலிருந்து கிளம்புகிறோம். மாணவர்கள் வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள், ஸ்வெட்டர் மறக்க வேண்டாம். தராசு இரண்டு நான் கொண்டு வருகிறேன், நோட்டு வாங்கித் தருவதாகத் தலைமையாசிரியர் ஐயா ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

குன்னூர்த் தம்பி, கடைசிப் பேருந்துக்கு ஓடிவிடாதீர்கள். அந்த யானைக் காசை மேசைக்குக் கொண்டு வாருங்கள், எடை போட்டுவிடலாம்.