ஒப்புக்கொண்ட பஞ்சமும் ஒளித்த பஞ்சமும்

அவையோருக்கு வணக்கம்.

உக்ரைன் மக்கள் 'ஹோலோதொமோர்', அதாவது பசியால் கொல்லுதல், என்று பெயரிட்டிருக்கும் 1932–33ஆம் ஆண்டுப் பஞ்சத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய பஞ்சத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1921இல் மழை பொய்த்தது. ரஷ்யப் புரட்சியைத் தொடர்ந்த உள்நாட்டுப் போர்க்காலம் முழுவதும் போல்ஷெவிக், அதாவது கம்யூனிஸ்ட், படையினர் தானியத்தைப் பறித்துச் சென்றிருந்ததால் உழவர் வீடுகளில் கையிருப்பும் இல்லை. ரஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரையிலும் தெற்கு உக்ரைனிலும் மக்கள் மடிந்தார்கள். உக்ரைனின் பட்டினியை ஏற்க மாஸ்கோவின் சோவியத் அரசு தயங்கியது. அங்கிருந்து வோல்காவுக்குத் தானியம் அனுப்பவும் செய்தது. ஆயினும் பஞ்சம் என்ற சொல்லைச் சொல்லத் தடையில்லை. எழுத்தாளர் கார்க்கி உலகத்திடம் உதவி கேட்டார். கஞ்சித் தொட்டிகளைத் திறந்த அமெரிக்க நிவாரண நிறுவனம் 1922இல் உக்ரைனுக்குள்ளும் வந்தது.

பத்தாண்டுகள் கழித்து வந்த பஞ்சத்தை வானத்தின்மேல் பழிபோட்டுத் தப்பிக்க முடியாது. தேர்ந்த உழவர் குடும்பங்களைக் குலாக்குகள், அதாவது பணக்கார உழவர்கள், என்று முத்திரை குத்தித் தொலைதூரப் பகுதிகளுக்கு விரட்டிவிட்டு, மற்றவர்களைக் கூட்டுப்பண்ணைகளில் அடைத்ததால் விளைச்சல் சரிந்தது. கொள்முதல் இலக்கோ அதற்கேற்பக் குறையவில்லை. இலக்கு எட்டாதபோது விதைக்கு வைத்திருந்ததையும் அள்ளிச் சென்றார்கள். அறுத்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்குவது பல நாடுகளில் ஏழையின் வழக்கம். 1932 ஆகஸ்ட் 7ஆம் நாள் சட்டமோ அதைத் திருட்டாக்கி, மரண தண்டனையோ பத்தாண்டுச் சிறையோ விதித்தது. இலக்கை எட்டாததால் கரும்பட்டியலில் ஏறிய ஊர்களில் கடைகள் மூடப்பட்டன. உப்பும் மண்ணெண்ணெயும்கூட வரவில்லை. 1933 ஜனவரி 22இல் ஸ்டாலினும் பிரதமர் மொலோத்தவும் கையெழுத்திட்ட ஆணை, உணவு தேடி வெளியேறும் உக்ரைன் உழவரைத் தடுத்துத் திருப்பி அனுப்பச் சொன்னது. அந்த ஆண்டும் பத்து லட்சம் டன்னுக்கு மேல் தானியம் ஏற்றுமதியானது.

இம்முறை கஞ்சித் தொட்டி திறக்க யாரையும் அழைக்கவில்லை, ஏனெனில் பஞ்சமே இல்லை என்பதுதான் அரசின் நிலை. ஊர் ஊராக நடந்து பார்த்த வேல்ஸ் நாட்டு இளைஞர் கேரத் ஜோன்ஸ் 1933 மார்ச்சில் பெர்லினில் உண்மையைச் சொன்னார். இரண்டே நாளில், மாஸ்கோவிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நிருபர் வால்டர் டுராண்டி அதை மறுத்து எழுதினார்; முந்தைய ஆண்டுதான் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்திருந்தது.

உக்ரைனில் மட்டும் சுமார் 39 லட்சம் பேர் இறந்ததாக மக்கள்தொகை ஆய்வாளர்கள் இன்று கணக்கிடுகிறார்கள். 1937ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்த இழப்பு வெளிப்பட்டதும், அரசு அந்தக் கணக்கெடுப்பையே செல்லாது என்று அறிவித்து, அதை நடத்திய அதிகாரிகளைக் கைதுசெய்தது. அவர்களில் சிலர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள்.