டிரைவரைக் கொன்றது யார்?

நண்பர்களே, 1946இல் வந்த ‘தி பிக் ஸ்லீப்’ என்ற ஹாலிவுட் துப்பறியும் படம் முடிந்து விளக்குப் போட்டதும் அரங்கில் எழும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். ஸ்டெர்ன்வுட் வீட்டு டிரைவர் ஓவன் டெய்லர் காரோடு கடலில் கிடந்தானே, அவனைக் கொன்றது யார்?

படம் எடுத்தவர்களுக்கே இந்தச் சந்தேகம் வந்தது. நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லருக்குத் தந்தி அடித்துக் கேட்டார்கள். தனக்கும் தெரியவில்லை என்று சாண்ட்லரே பிற்பாடு ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆகவே திரைக்கதை எழுதிய வில்லியம் ஃபாக்னர், லீ பிராக்கெட், ஜூல்ஸ் ஃபர்த்மன் மூவர் மீதும் இந்தப் பழியைப் போட வேண்டாம். 1939இல் வந்த நாவலிலேயே உள்ள ஓட்டை அது.

மற்றக் குழப்பங்களில் பாதிக்குத் தணிக்கைதான் காரணம். மிரட்டிப் பணம் பறிக்கும் கெய்கரின் புத்தகக் கடை நாவலில் ஆபாசப் புத்தகங்களை வாடகைக்கு விடும் இடம். அன்றைய ஹாலிவுட் விதிப்படி அதை வாய்விட்டுச் சொல்லவே முடியாது. நாவலில் ஸ்டெர்ன்வுட் வீட்டு இளைய மகள் கார்மென் ஆடையின்றிப் படம் பிடிக்கப்படுகிறாள். திரையில் முழு உடையோடு உட்கார்ந்திருக்கிறாள். எதை வைத்து மிரட்டுகிறார்கள் என்பதையே சொல்லாத மிரட்டல் கதை இது!

மீதிக் குழப்பம் வெட்டும் மேசையில் நடந்தது. இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் 1944 அக்டோபரில் தொடங்கி 1945 ஜனவரியில் படப்பிடிப்பை முடித்தார். வெளிநாட்டில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குப் போட்டும் காட்டினார்கள். போர் முடியும் தறுவாயில் இருந்ததால், கையிலிருந்த போர்ப் படங்கள் பழசாகிவிடுமே என்று படத்தைத் தயாரித்த வார்னர் நிறுவனம் அவற்றை முதலில் வெளியிட்டது. இதற்குள் நாயகி லாரன் பேக்காலின் வேறொரு படம் விமர்சகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. அவருடைய ஏஜென்ட் சார்லஸ் ஃபெல்ட்மன், பேக்காலுக்கும் நாயகன் போகார்ட்டுக்கும் இன்னும் சூடான காட்சிகள் வேண்டும் என்று நிறுவனத் தலைவர் ஜாக் வார்னருக்குக் கடிதம் எழுதினார். 1946 ஜனவரியில் மறுபடியும் கேமரா ஓடியது. ஆகஸ்டில் படம் வெளியானது.

முதல் பிரதி 116 நிமிடம், இரண்டாவது 114. இரண்டே நிமிட வித்தியாசம் என்று ஏமாற வேண்டாம். முதல் பிரதியில் அரசு வழக்கறிஞரின் அலுவலகத்தில் போகார்ட் நடிக்கும் துப்பறிவாளர் மார்லோ உட்கார்ந்து, அதுவரை நடந்த கொலைகளை ஒவ்வொன்றாக விளக்குவார். அந்தக் காட்சி போயே போய்விட்டது. புதிதாக வந்த காட்சியில் போகார்ட்டும் பேக்காலும் மேசையில் எதிரெதிரே அமர்ந்து குதிரைப் பந்தயம் பற்றிப் பேசுகிறார்கள். குதிரை பெயருக்குத்தான், பேச்சு முழுக்கப் படுக்கையறைப் பேச்சு. தணிக்கைக்காரர்கள் கை வைக்க ஒரு சொல் கூடச் சிக்கவில்லை. துப்பறிதலுக்கு அந்தக் காட்சியால் ஒரு பைசா பிரயோஜனமில்லை. இருந்தும் விளக்கக் காட்சியை வெட்டியது சரி என்றே சொல்வேன். ஒருவர் உட்கார்ந்து கணக்கு ஒப்பிக்கும் இடத்தில் படம் படுத்துவிடும்.

தகவலை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு இதே படத்தில் பாடம் இருக்கிறது. மார்லோ தொப்பியின் விளிம்பை மேலே மடித்து, கண்ணாடி மாட்டி, குரலை மாற்றிக்கொண்டு கெய்கர் கடைக்குள் நுழைகிறார். ‘பென்-ஹர்’ நாவலின் 1860ஆம் வருடப் பதிப்பு இருக்கிறதா என்கிறார். கடைப்பெண் இல்லை என்கிறாள். எதிர்க் கடையிலும் அதே கேள்வி. அங்கே கடைப்பெண்ணாக வரும் டோரதி மலோன் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு பதிப்பே கிடையாது என்கிறார். அந்த நாவல் வெளிவந்ததே 1880இல்தான்! முதல் கடை போலி என்பது இந்த ஒரே கேள்வியில் உறுதியாகிவிடுகிறது. பிறகு வெளியே மழை, உள்ளே விஸ்கி. மலோன் கதவுத் திரையை இறக்குகிறார், கண்ணாடியைக் கழற்றுகிறார், கூந்தலை அவிழ்க்கிறார். அதற்கு முன்பே, இருவரின் சீண்டல் பேச்சில் பார்ப்பவர்கள் லயித்திருக்கும்போதே, கெய்கரின் வயது, உடல்வாகு, மீசை எல்லாம் காதில் விழுந்துவிடுகின்றன. விளக்கம் கேட்டோம் என்ற நினைப்பே யாருக்கும் வருவதில்லை.

பழைய பிரதியும் 1997இல் திரைக்கு வந்தது; இப்போது இரண்டும் கிடைக்கின்றன. முதல்முறை பார்ப்பவர்கள் 1946 பிரதியையே பாருங்கள். கையில் இருப்பது எது என்று சந்தேகமா? குதிரைப் பந்தயப் பேச்சு வந்தால் அதுதான் 1946. இன்னொரு அடையாளமும் உண்டு: மோனா மார்ஸ் என்ற பாத்திரத்தில் பழைய பிரதியில் பேட் கிளார்க், புதியதில் பெக்கி நட்சன்.